வெளிநாட்டிலிருந்து சின்னப் பிள்ளைகளோடு குடிவர: கண்டியா, நுவரெலியாவா?

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு லேசில் வேகாது. பிரஷர் குக்கர் கட்டாயம். பெரிய தொல்லை ஈரம்தான். மழை நாளில் கொடியில் போட்ட வெள்ளைச் சீருடை மறுநாளும் காயாது, பூஞ்சண வாடை ஏறிவிடும். பிள்ளைக்கு ஐந்து சோடியாவது தையுங்கள்; ஒளிபுகும் கூரைத்தகடு போட்ட தாழ்வாரமுள்ள வீடாகப் பாருங்கள். ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனிகூட விழும். குளிப்பாட்டலை நண்பகலுக்கு மாற்றுங்கள்.

கண்டி சுமார் 500 மீட்டர்தான். உடுப்பு காயும், ஆனால் நுளம்பு உண்டு. டெங்கு வராமலிருக்கப் பூச்சாடித் தட்டையும் கூரைப் பீலியையும் வாரம் ஒருமுறை தண்ணீர் வடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். சிறுவர் வைத்தியசாலை பக்கத்திலே, பேராதனையில். அடிக்கடி மூச்சிழுப்பு வரும் பிள்ளையென்றால் யோசிக்கவே வேண்டாம், கண்டிதான்.