டெங்குவுக்குப் பிறகு வாங்கியதில் உருப்படியான ஒன்று: 24 அங்குல இரும்பு ஸ்டூல்

டெங்கு வந்துபோன பிறகு, உடம்பு தேறட்டும் என்று எங்கள் வீட்டுக்குள் நுழைந்த சாமான்கள் கொஞ்சநஞ்சமில்லை. புரோட்டீன் பவுடர், இரும்புச்சத்து டானிக், மாதுளை சிரப், நாத்தனார் கொடுத்த லேகியம், மகள் ஆன்லைனில் வரவழைத்த ஃபிட்னஸ் கைப்பட்டை. கைப்பட்டையைச் சார்ஜ் போடக்கூட இப்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. லேகியம் ருசியாக இருந்தது, அவ்வளவுதான். தினமும் உழைத்துக்கொண்டிருப்பது, தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு கடையில் 1,450 ரூபாய்க்கு வாங்கிய இரும்பு ஸ்டூல்.

சமையலறைக்கு ஸ்டூல் எதற்கு என்று கேட்பவர்களுக்காக என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் விட்டது, தட்டணுக்கள் ஏறின, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அசதி மட்டும் விடவில்லை. மாதங்கள் போயின. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். (இவற்றைப் பார்க்காமல் நேராக ஸ்டூல் வாங்கக் கிளம்பாதீர்கள். ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் மருந்து உண்டு.) "தினமும் நடங்க, சுறுசுறுப்பா இருங்க, மனசுதான் காரணம்" என்றார் ஒரு டாக்டர். நடந்தேன். நடந்த அன்று ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடித்துப் போட்டது போல ஆகிவிடும். பல் தேய்த்துவிட்டு வந்து படுக்க வேண்டும்.

நான் பள்ளியில் உயிரியல் எடுப்பவள், அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊர்ப்பக்கம், மூன்று வெவ்வேறு கிருமிகளால் நோய்வாய்ப்பட்ட 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேருக்கு உடம்பை முடக்கிப்போடும் களைப்பு இருந்திருக்கிறது. யாருக்கு அது நீடிக்கும் என்று பார்த்தால், மனநிலையைவிட ஆரம்பத்தில் நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான் பெரிதும் தீர்மானித்திருக்கிறது. வருடக்கணக்கில் நீளும் களைப்பு நோய்க்கு, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டி எழுதும் நைஸ் அமைப்பு 2021-ல் தன் வழிகாட்டியையே மாற்றிவிட்டது. எனக்கு அந்த நோய்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதில் சொல்லியிருந்த யோசனை எனக்குப் பிடித்தது: இருக்கும் தெம்பை அளந்து செலவு பண்ணு, தீர்ந்துபோகிற வரைக்கும் ஓட்டாதே.

அப்படி அளக்கப் போனபோதுதான், என் தெம்பில் பாதியை நின்றுகொண்டிருப்பதே தின்றுவிடுகிறது என்று பிடிபட்டது. வேலைகூட அப்புறம்தான். நாம் நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் மார்புக்குக் கீழே, வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. அதை மேலே அனுப்ப ரத்தக்குழாய்கள் சுருங்க வேண்டும், இதயமும் வேகம் கூட்ட வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இந்த ஏற்பாடு சரியாக நடப்பதில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பீரோவில் கிடந்தது. விரலில் மாட்டிப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தால் நாடி 80-ஐ ஒட்டி. சமையல் மேடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் 105, 108. (நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30-க்கு மேல் ஏறி, தலைசுற்றல், படபடப்பும் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்குத் தனியாகப் பெயரும் பரிசோதனையும் உண்டு.)

சரி, ஸ்டூலுக்கு வருவோம்.

எங்கள் சமையல் மேடையின் உயரம் 33 அங்குலம். சாதாரண பிளாஸ்டிக் ஸ்டூல் 18 அங்குலம்தான், அதில் உட்கார்ந்தால் தோசைக்கல் மார்புக்கு நேராக வந்து தோளை ஏற்றிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். ஆன்லைனில் கிடைப்பவை பெரும்பாலும் பார்களில் போடும் 30 அங்குலம், ஏறுவதே ஒரு வேலை. சுழலும் ஸ்டூல், சக்கரம் வைத்த ஸ்டூல் இரண்டும் அடுப்புப் பக்கம் வரவே கூடாது. மேடை உயரத்தில் ஒன்பது, பத்து அங்குலம் கழித்தால் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு. கடையில் 24 அங்குலம் இல்லை. 30 அங்குல ஸ்டூலின் காலை அறுத்துத் தருகிறேன், நாளைக்கு வாங்கம்மா என்றார் கடைக்காரர். கால் வைக்கும் கம்பி அதனால் தரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும் என்று சொன்னதும், அதையும் வெட்டி மேலே ஏற்றிப் பற்ற வைத்துக் கொடுத்தார், கூலி தனியாக வாங்கவில்லை. அந்தக் கம்பி அவசியம். கால் தொங்கினால் ஸ்டூல் வாங்கிய பயனே போய்விடும்.

நான்கு காலும் கீழே விரிந்து நிற்பதால் ஆட்டமில்லை. உட்காரும் பலகை பிளைவுட், மேலே ரெக்சின். எண்ணெய் பட்டால் துணியால் துடைத்தால் போகிறது. கனம் ஐந்தாறு கிலோ இருக்கும், என்னைப் போன்ற நிலைமையில் இருப்பவர் தினம் தூக்கி வைக்க முடியாது. போட்ட இடத்திலேயே கிடக்கட்டும்.

போடும் இடம்தான் பெரிய சிக்கல். நம் ஊர் மேடைகளுக்குக் கீழே முழுக்கக் கதவு வைத்த அலமாரி. முட்டி இடித்து, ஒருக்களித்து உட்கார வேண்டியிருக்கிறது, அரை மணியில் முதுகு பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில், ஸ்பேர் சிலிண்டர் வைக்கக் கதவில்லாத பொந்து ஒன்று உண்டு. சிலிண்டரைப் பின்பக்கம் கொல்லை வராந்தாவுக்கு மாற்றினோம், முட்டி உள்ளே போய்விட்டது. அந்த வசதி இல்லாதவர்கள் இரண்டு கதவைக் கழற்றிவிடலாம். பார்க்க அசிங்கம்தான்.

எதற்கெல்லாம் ஆகிறது? தோசை, இட்லி ஊற்றுவது, தாளிப்பது, பால் பொங்கக் காத்திருப்பது. பாத்திரம் தேய்க்கவும் ஆகும், மடியில் தண்ணீர் சொட்டும், ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டிக்கொள்கிறேன். சப்பாத்தி தேய்க்க ஆகாது, அதற்கு மேலிருந்து அழுத்தம் வேண்டும். காய் நறுக்க டைனிங் டேபிளே போதும். வடை, அப்பளம் பொரிக்கும்போது உட்காரவே கூடாது, எண்ணெய் தெறித்தால் முகத்துக்கு வரும், சட்டென்று விலகவும் முடியாது. குக்கர் இறக்குவது, சோறு வடிப்பது எல்லாம் எழுந்து நின்றுதான், அல்லது வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான். பள்ளிக்கு இதைக் கொண்டுபோகவில்லை, தலைமை ஆசிரியை வகுப்புக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டார்.

நாடிக் கணக்கு இப்போது எப்படி என்றால், ஸ்டூலில் உட்கார்ந்து தோசை வார்க்கும்போது 90-ஐத் தாண்டுவதில்லை. காலைச் சமையல் முடிந்து படுக்காமல் பள்ளிக்குக் கிளம்ப முடிகிறது. அசதியை இது போக்கவில்லை. மாடிப்படி இன்னும் மலைதான், கல்யாண வீட்டுக்குப் போனால் மறுநாள் லீவுதான்.

வீட்டில் முதலில் எதிர்ப்பு வரும், தயாராக இருங்கள். "உட்கார்ந்துக்கிட்டு சமைச்சா வீடு வெளங்குமா" என்று பக்கத்து வீட்டு அக்கா ஆரம்பித்தார். என் மாமியார் அவரை ஒரே போடாகப் போட்டார்: "நாங்க மணை போட்டு உட்கார்ந்துதான்டி ஆக்கினோம். விறகடுப்பு, அரிவாள்மனை, ஆட்டுக்கல் எல்லாம் தரையிலதான். நின்னு சமைக்கிறது உங்க மேடை வந்த பொறவு வந்த வழக்கம்." எனக்கே அப்போதுதான் உறைத்தது. மணைக்கே திரும்பலாமா என்றும் யோசித்தேன், ஆனால் தரையிலிருந்து எழும்போதுதான் கண் இருட்டுகிறது.

குறை என்று சொன்னால் ஒன்றுதான். ஸ்டூல் காலில் மாட்டியிருக்கும் ரப்பர் புஷ் மட்டரகம். இரண்டு மாதத்துக்குள் இரும்பு அறுத்துக்கொண்டு வெளியே வந்து டைல்ஸில் கீறல் போட்டுவிட்டது, ஈரத்தில் வழுக்கவும் செய்தது. ஹார்டுவேர் கடையில் குழாயின் வெளி அளவைச் சொல்லிக் கேட்டால் கெட்டி ரப்பரில் தருவார்கள், ஒன்று பத்து ரூபாய். எட்டாக வாங்கி நான்கை டிராயரில் போட்டு வையுங்கள்.