ஒழுகிய ஹீட்டரும் ஒன்பது வருடக் கடுப்பும்

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருடைய மோட்டார்ஹோமின் (உள்ளேயே தங்கிக்கொண்டு ஊர் சுற்றும் வண்டி) பக்கவாட்டில், வாட்டர் ஹீட்டர் மூடிக்குக் கீழே, சுண்ணாம்பு வழிந்து காய்ந்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. கூடவே ஒரே வரி: "ரிப்பேர் பண்ணலாமா, இல்ல தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடவா?" கோட்டைப் பார்த்ததுமே எனக்குப் பழைய எரிச்சல் எல்லாம் கிளம்பிவிட்டது. ஒன்பது வருடம் அதே கோட்டை வினிகர் நனைத்த துணியால் துடைத்தவன் நான். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

என்னுடையது சாதாரண 6 காலன் ஹீட்டர், கிட்டத்தட்ட 23 லிட்டர் பிடிக்கும். கேஸிலும் ஓடும், கரன்ட்டிலும் ஓடும். எனாமல் பூசிய இரும்பு டேங்க், அது துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மக்னீசியம் ஆனோடு தண்டு.

வாங்கிய முதல் வருடமே சொட்ட ஆரம்பித்தது. எப்போதும் இல்லை, தண்ணீர் சூடாகும்போது மட்டும், வெளி மூடிக்குள் இருக்கும் ரிலீஃப் வால்விலிருந்து, அதாவது அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடும் வால்விலிருந்து. சொட்டுவது கொஞ்சம்தான். ஆனால் அது நேராக வண்டியின் பக்கவாட்டில் வழிந்து, காய்ந்து, கோடு போட்டுவிடும். நான் என்ன செய்தேன்? வால்வு கெட்டுவிட்டது என்று மாற்றினேன். ஒரு மாதம் சும்மா இருந்தது, மறுபடி சொட்டியது. மட்டமான வால்வு கொடுத்துவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்கி மாட்டினேன். அதுவும் சொட்டியது.

விஷயம் வால்வில் இல்லவே இல்லை. இந்த டேங்குகளின் மேல்பகுதியில் கொஞ்சம் காற்று தங்கியிருக்க வேண்டும். 23 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் 60 டிகிரி வரை சூடானால் கால் லிட்டருக்கு மேலேயே உப்பும். அந்த உப்பலைத் தாங்கிக்கொள்வது அந்தக் காற்றுதான். நாளாக நாளாக காற்று தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். அப்புறம் உப்பிய தண்ணீர் எங்கே போகும்? வந்த வழியே திரும்ப பம்ப்பில் இருக்கும் ஒருவழி வால்வு விடாது. அழுத்தம் ஏறி 150 பி.எஸ்.ஐ.யைத் தொட்டதும் ரிலீஃப் வால்வு தன் வேலையைச் செய்கிறது, சொட்டுகிறது. அதைப் போய் நான் இரண்டு தடவை கழற்றி எறிந்திருக்கிறேன்.

இதற்குச் செலவே கிடையாது. ஹீட்டரை அணைத்துத் தண்ணீர் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். பம்ப்பை நிறுத்துங்கள், வெளித் தண்ணீர் இணைப்பு இருந்தால் அதையும் மூடுங்கள். உள்ளே வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திறந்து வையுங்கள். அப்புறம் ரிலீஃப் வால்வின் நெம்புகோலைத் தூக்குங்கள், தண்ணீர் கொட்டுவது நிற்கும்வரை பிடித்திருந்து பட்டென்று விடுங்கள். காற்று உள்ளே வந்துவிடும். பத்து நிமிஷ வேலை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும், அதுதான் கடுப்பு. ஒன்று மட்டும், சொட்டுகிறதே என்று அந்த வால்வை யாராவது அடைக்கச் சொன்னால் அவர் பக்கமே போகாதீர்கள். தெர்மோஸ்டாட் கோளாறாகி தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தால் டேங்க் வெடிக்காமல் காக்கும் கடைசிக் காவல் அதுதான்.

அடுத்த ஒழுகல் நான்காவது குளிர்காலம் முடிந்து வந்தது. இந்த முறை வெளியே கோடு இல்லை, உள்ளே கட்டிலுக்கு அடியில் பிளைவுட் ஊறி, கையால் அழுத்தினால் ரொட்டி மாதிரி அமுங்கியது. டேங்க் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். நல்லவேளை, புதிதாக வாங்குவதற்கு முன்னால் பைபாஸ் வால்வைத் திருப்பி ஹீட்டரைத் தண்ணீர்ப் பாதையிலிருந்து ஒதுக்கி, டேங்கையும் காலி செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஒதுக்கினதும் ஒழுகல் நின்றது. சரி, ஹீட்டர் பக்கம்தான். எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, மறுபடி தண்ணீரை விட்டு, டார்ச்சோடு குப்புறப் படுத்துக்கொண்டு காத்திருந்தேன். டேங்கின் பின்பக்கம் வெந்நீர் வெளியே வரும் இடத்தில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வு ஒன்று, பிளாஸ்டிக்கில் சின்னதாக இருக்கும். அதைச் சுற்றியிருந்த பேப்பர் மட்டும் மெதுவாகக் கருத்தது. பனிக்கு முன் குழாயை நான் சரியாக வடிக்கவில்லை. தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், பிளாஸ்டிக் எவ்வளவு தாங்கும்? மயிரிழை விரிசல். பித்தளையில் ஒன்று வாங்கி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டியதோடு சரி. கழற்ற இடமில்லாமல் அரை நாள் போனது வேறு கதை.

ஆகவே நண்பருக்கு என் முதல் பதில்: எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியாமல் இந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். வால்வு, இணைப்பு, வாஷர், ஆனோடு செருகியிருக்கும் மரை, இதில் எதுவாக இருந்தாலும் ரிப்பேர்தான். டேங்கின் உடம்பிலிருந்தே வருகிறது என்றால் மட்டும்தான் யோசனை.

எட்டாவது வருடம் எனக்கு அதுவும் வந்தது. இதில் பழி முழுக்க என்னுடையது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் அந்த வடிவமைப்பை வரைந்த புண்ணியவானுடையது. இந்த மாதிரி டேங்கில் ஆனோடும், தண்ணீரை வடிக்கும் அடைப்பானும் ஒரே உருப்படி. அதைக் கழற்றினால் சுண்ணாம்புச் சில்லும் தண்ணீருமாகக் குபுக்கென்று வெளியே வந்து, முதலில் உங்கள் சட்டைக் கைக்குள், அப்புறம் பர்னர் மேல் விழும். இந்த அபிஷேகத்துக்குப் பயந்தே இரண்டு வருடம் நான் அதைத் தொடவில்லை. மக்னீசியம் தன்னைத் தின்னக் கொடுத்து டேங்கைக் காப்பாற்றும், முக்கால்வாசி கரைந்ததும் மாற்ற வேண்டும். நான் கழற்றியபோது தண்டே இல்லை. நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி மட்டும், சாப்பிட்டு முடித்த மீன் முள் மாதிரி வந்தது. புதுசு போட்டேன், ஆனால் எனாமல் விட்ட இடத்தில் துரு ஏற்கெனவே வேலையை ஆரம்பித்திருக்கிறது. அடுத்த வருடம் டேங்கைச் சுற்றியிருக்கும் தெர்மாகோலுக்கு அடியிலிருந்து செம்பழுப்பாகக் கசிந்தது.

எபாக்ஸி பசை பூசலாமே என்றார்கள். பூசினேன், பூசாமல் இருப்பேனா. மூன்று வாரம். ஒவ்வொரு முறையும் சூடாகி, ஆறி, விரிந்து, சுருங்கி, அழுத்தத்தில் இருக்கும் இரும்பில் மேல்பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தது என் ஆசை. வெல்டிங்கும் கேட்டுப் பார்த்தேன். ஒரு ஓட்டை தெரிகிறது என்றால் அதன் பக்கத்துச் சுவரும் காகிதம் மாதிரிதான் இருக்கும், சூடு பட்டதும் உள் எனாமலும் போய்விடும் என்றார் பட்டறைக்காரர். நியாயமான மனிதர், வந்த வேலையை வேண்டாம் என்று அனுப்பினார். உள் டேங்கை மட்டும் மாற்றும் வழியும் உண்டு. ஆனால் பர்னர், கேஸ் வால்வு, சர்க்யூட் போர்டு, கரன்ட்டில் சூடேற்றும் எலிமென்ட் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கோக்க வேண்டும், அதுவும் எட்டு வருடம் ஓடிய பழசுகளை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்போது டேங்கே இல்லாத ஹீட்டர் பக்கம் மனசு போனது. எடை குறைவு, 23 லிட்டரைச் சூடாகவே வைத்திருக்கும் செலவு இல்லை, துருப்பிடிக்கப் பெரிய டேங்க் இல்லை. கணக்குப் போட்டால் அதுதான் ஜெயிக்கிறது. வேறொருவர் வண்டியில் அதில் குளித்தும் பார்த்தேன். வண்டியில் தண்ணீரை மிச்சப்படுத்த நாம் எப்படிக் குளிப்போம்? நனைந்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறப்போம். திறந்தேன். ஒரு நொடி வெந்நீர், அடுத்து முதுகெலும்பில் ஐஸ், அப்புறம் மறுபடி வெந்நீர். அவர் வெளியிலிருந்து, "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றார். சரியானதுதான். ஆனால் அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எல்லா மாடலும் இப்படி இல்லை, சிலவற்றில் இதற்காகவே ஒரு குட்டி டேங்க் வைக்கிறார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

டேங்கையே பிடித்துக்கொள்ள இன்னொரு காரணமும் இருந்தது. இந்த ஒன்பது வருடத்தில் இந்தப் பாழாய்ப்போன டேங்க் எனக்குக் கொடுத்த ஒரே சந்தோஷம் அது. என் மாடலில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் போகும் குழாய் ஒன்று டேங்கை ஒட்டிச் சுற்றி வரும். வண்டி ஓட ஓட, இன்ஜின் வீணாக்கும் சூட்டில் தண்ணீர் காய்ந்துவிடும். நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு, இருட்டில், மழையில் நிறுத்தி, கேஸைத் தொடாமல், எந்த ஸ்விட்சையும் போடாமல் குழாயைத் திறந்தால் ஆவி பறக்கும் தண்ணீர். வாங்கும்போது இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, முதல் நாள் கையைச் சுட்டுக்கொண்டுதான் தெரிந்துகொண்டேன்.

அதனால், இவ்வளவு திட்டிய பிறகு, அதே மாதிரி டேங்க் ஹீட்டரையே, அதே கூலன்ட் குழாயோடு வாங்கி மாட்டினேன். வண்டிச் சுவரில் வெட்டிய ஓட்டையின் அளவு மாறவில்லை, சுற்றிலும் தண்ணீர் புகாமல் ஒட்டும் பியூட்டைல் டேப் மட்டும் புதுசு. கேஸ் இணைப்பை மட்டும் உரிமம் உள்ளவரிடம் விட்டேன். அவர் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். புது டேங்கில் முதல் தண்ணீர் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் காற்று தீர்ந்து சீராக வரும்வரை எலிமென்ட் ஸ்விட்சின் மேல் துணியைக் கட்டி வைத்திருந்தேன். காலி டேங்கில் அதைப் போட்டால் சில நொடியில் கருகிவிடும்.

நண்பரே, உங்கள் படத்தில் இருப்பது வெள்ளைக் கோடு, செம்பழுப்பு இல்லை. முதலில் காற்றை ஏற்றிப் பாருங்கள். டேங்க்தான் என்று ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள், பூசி மெழுக வேண்டாம். எதை வாங்கலாம் என்று கேட்டால், நான் வாங்கியதை வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் கூலன்ட் குழாய் கிடையாது, உங்களுக்கு ஆனோடு கழற்றும் பொறுமையும் கிடையாது.

எனக்கு மட்டும் இருக்கிறதா என்ன. மூடியின் உள்பக்கம் அடுத்த ஆனோடு தேதியை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன், அது தாண்டி மூன்று வாரம் ஆகிறது. நேற்று பார்த்தேன், புது ஹீட்டருக்குக் கீழேயும் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஆரம்பித்திருக்கிறது.