ஆறு பிள்ளைகளுக்கு ஒரு மட்ஸ் வகுப்பு: வைத்திருப்பதா, மூடுவதா?

போன மாதம் எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் இரண்டரை மணித்தியாலம் நடந்தது. கதைத்தது ஒரே விடயம்தான். உயர்தரத்தில், அதாவது 12, 13ஆம் வகுப்பில், கணிதப் பிரிவைத் தொடர்ந்து நடத்துவதா, அல்லது நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளைகளை யாழ்ப்பாணம் ரவுனுக்கு அனுப்புவதா? கடைசியாகச் சோதனை எழுதிய ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் மூன்று பாடமும் சித்தி. ஒரு பிள்ளைக்கு மூன்றுமே எஃப், அதாவது சித்தியில்லை. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் கூட்டத்தையே தொடங்கினார்கள்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறைப் பக்கம். வகுப்பு இருக்க வேண்டும் என்றுதான் நான் கை உயர்த்தினேன். ஐந்து வருடத்துக்கு முதல் என் மகள் பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் முடித்தபோது எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான், ரவுனில் இடம் கிடைத்தும் அவளை இங்கேயே படிக்க விட்டேன். ஆகவே இதை நடுநிலையான ஒருவர் எழுதியதாக எடுக்க வேண்டாம்.

ரவுன் பள்ளிக்கூடங்களின் நன்மைகளை எல்லோரும் அறிவார்கள். பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் இருப்பார், ஆய்வுகூடம் ஒழுங்காக இருக்கும், பக்கத்து மேசையில் நல்லாகப் படிக்கிற பிள்ளை இருக்கும், பள்ளிக்கூடம் விட்டதும் நடந்து போகிற தூரத்தில் ரியூசன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான தரவரிசையில் போகிறது, 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போகிறது. மாவட்டம் என்று வரும்போது எங்கள் பிள்ளையும் ரவுன் பிள்ளையும் ஒரே யாழ்ப்பாண மாவட்டம்தான். தீவுப்பகுதிப் பிள்ளை என்று, அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியில் யாரும் தனியாக இரக்கம் காட்டப்போவதில்லை. பொறியியல் பீடம்தான் குறி, பிள்ளையும் கெட்டிக்காரப் பிள்ளை, ரவுனில் தங்க நம்பிக்கையான சொந்தக்காரர் வீடும் இருக்கிறது என்றால், தாராளமாக அனுப்புங்கள், நான் மறிக்க மாட்டேன்.

ஆனால் எங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லையே! வசதியுள்ளவர்கள் ஆறாம் வகுப்பிலேயே பண்ணைப் பாலத்தைத் தாண்டி ரவுனுக்குப் போய்விட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்தவர்களும் போய்விட்டார்கள். மிச்சமிருப்பது கடற்தொழில் செய்பவர்களின் பிள்ளைகள், தாய் மட்டும் உழைக்கிற வீட்டுப் பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு மாதம் பூராகவும் பஸ் காசு கொடுத்தால் மற்றப் பிள்ளைக்குக் கொப்பி வாங்க முடியாத குடும்பங்கள். இப்படி எஞ்சியவர்களின் பெறுபேற்றை ரவுன் பெறுபேற்றுக்குப் பக்கத்தில் வைத்து, இங்கே படிப்பித்தல் சரியில்லை என்று சொல்வது எனக்கு ஞாயமாகப் படவில்லை.

வகுப்பை மூடினால் இந்த ஆறு பேரும் ரவுனுக்குப் போய்விடுவார்கள் என்று யாராவது நினைத்தால் அதுவும் பிழை. சில வருடங்களுக்கு முதல் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைத்தான் செய்தார்கள். எனக்குத் தெரிய ஒரே ஒரு பிள்ளைதான் ரவுனுக்குப் போனது. மற்றவர்கள் சாதாரண தரக் கணிதத்தில் ஏ, பி எடுத்தும் அங்கேயே ஆர்ட்ஸ் படித்தார்கள். ஆர்ட்ஸ் குறைந்த படிப்பு என்று சொல்ல வரவில்லை. அவர்கள் அதை விரும்பி எடுக்கவில்லை, அதுதான் என் கவலை.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது எது? மூடினால் திரும்பத் திறக்க முடியாது என்பது. கூட்டத்தில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன், இங்கேயும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடங்களை வகை பிரிக்கும்போது, உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள பள்ளிக்கூடம் 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் என்றால் 1சி. பலருக்கு இது பெயர்ப்பலகை விடயம் மாதிரித் தெரிகிறது. ஆனால் ஆசிரியர் ஆளணியை வகுப்பையும் பிள்ளைகளின் தொகையையும் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். வகுப்பு இல்லையென்றால் உயர்தரக் கணிதப் பாடமான இணைந்த கணிதத்தின் ஆசிரியருக்கு இங்கே வேலை இல்லை, இடமாற்றம் வந்துவிடும். அந்த ஆசிரியர் உயர்தரத்துக்கு மட்டும் படிப்பிக்கவில்லை, எங்கள் பத்தாம், பதினோராம் வகுப்புக் கணிதத்தையும் அவர்தான் பார்க்கிறார். இரசாயனவியல் ஆசிரியர் அதேபோல சாதாரண தர விஞ்ஞானத்தைப் பார்க்கிறார். அவர்கள் போனால் ஆறு பேரின் வகுப்போடு நிற்காது, கீழே இருக்கிற நூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் சாதாரண தரமும் சேர்ந்து விழும். அங்கே கணிதம் விழுந்தால் உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்கே வழியில்லை.

அப்புறம் ஆய்வுகூடம். எங்களுடையது பெரியது இல்லை, பழைய மாணவர்கள் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பிச் சேர்த்த சாமான்கள். உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் ஒரு தராசை இரண்டு வருடம் பாவிக்காமல் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நாளைக்குப் பதினைந்து பிள்ளைகள் வந்து மட்ஸ் படிக்கப் போகிறோம் என்று நின்றால் ஆசிரியர் கேட்கப் போக வேண்டும். வகுப்பு இல்லாத இடத்துக்கு ஆசிரியர் தரமாட்டார்கள், ஆசிரியர் இல்லாத இடத்தில் எந்தத் தாய் தகப்பனும் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். இந்த முடிச்சை யார் அவிழ்ப்பது? நடந்துகொண்டிருக்கிற சின்ன வகுப்பை இழுத்துப் பிடிப்பது கஷ்டம்தான், இல்லாத வகுப்பை உண்டாக்குவது அதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

எஃப் என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இணைந்த கணிதத்தில் ஒவ்வொரு வினாத்தாளிலும் ஏ பகுதியில் 10 சின்னக் கணக்குகள், தலா 25 புள்ளி. பி பகுதியில் 7 பெரிய கணக்கில் 5 செய்ய வேண்டும், தலா 150. மொத்தம் 1000. எஸ், அதாவது ஆகக்குறைந்த சித்தி, எடுக்க 35 வீதம் வேண்டும். ஏ பகுதியை முழுக்கச் செய்தாலும் 250தான் வரும், எஸ்ஸுக்கு இன்னும் 100 தேவை, அதாவது பெரிய கணக்கு ஒன்று. என் மகள் முதல் தடவை இந்தப் பாடத்தில் எஃப். ஏ பகுதியை வடிவாகச் செய்திருந்தாள், பெரிய கணக்குகளைத் தொடங்கித் தொடங்கி விட்டிருந்தாள். இரண்டாம் தடவை கடந்தகால வினாத்தாள்களை மட்டும் வைத்து அதே ஆசிரியரோடு இருந்து செய்து சி எடுத்தாள், மற்ற இரண்டும் எஸ். பொறியியல் பீடம் கிடைக்கவில்லை. உயர் தேசிய டிப்ளோமா படிக்கிறாள். ரவுனில் விட்டிருந்தால் முதல் தடவையே எடுத்திருப்பாளோ என்று சில நேரம் யோசிப்பேன், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மற்றப் பக்கத்தில் என்னை உறுத்துவது அந்த மூன்று எஃப் பிள்ளை. இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது. கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனத்துக்கோ வேறு தொழிற்பயிற்சிக்கோ நேரத்தோடு போயிருந்தால் இப்போது கையில் ஒரு தொழில் இருந்திருக்கும். கணிதப் பிரிவுக்குப் பதிலாகத் தொழில்நுட்பப் பிரிவைக் கொண்டுவரலாம் என்றும் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 2013இல் தொடங்கிய பிரிவு அது, நல்ல யோசனையாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கும் தனி ஆசிரியர்களும் ஆய்வுகூடமும் வேண்டும். அதில் படித்த இரண்டு பிள்ளைகளைத்தான் எனக்குத் தெரியும், அதை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. உயிரியல் பிரிவும் எங்களிடம் இல்லை, ஆகவே அதைப் பற்றியும் கதைக்கவில்லை.

கடைசியில் வகுப்பைத் தொடர்வது என்று முடிவானது, இரண்டு நிபந்தனையோடு. பன்னிரண்டாம் வகுப்பு முதல் தவணையில் பல பள்ளிக்கூடங்களுக்கும் பொதுவாக வினாத்தாள் தயாரிக்கிற தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாளை எழுதவைத்து, மிகவும் பின்னால் நிற்கிற பிள்ளையின் பெற்றோரை அப்போதே கூப்பிட்டுக் கதைப்பது, இரண்டு வருடம் முடியும்வரை பேசாமல் இருக்காமல். மற்றது பௌதிகவியல். ஆறு மாதமாக ஆசிரியர் இல்லை, பழைய மாணவர் ஒருவர் சனிக்கிழமைகளில் வந்து படிப்பிக்கிறார். வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். வருட முடிவுக்குள் ஆசிரியர் வராவிட்டால், பௌதிகவியலை ரியூசனில் மட்டும் படி என்று சொல்லிப் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன், அந்தக் கூட்டத்தில் என் கை மற்றப் பக்கம்தான் உயரும்.