வேட்டி மஞ்சளாகத் தெரிந்ததற்கு கிராபிக்ஸ் கார்ட் மாற்றிய கதை

கொக்குவிலில் வீட்டோடு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு எடுத்து, நானே போட்டோஷொப்பில் திருத்தி அல்பம் அடித்துக் கொடுப்பதுதான் தொழில். யாழ்ப்பாண நகருக்குள் இருக்கிற ஒரு கொம்பியூட்டர் கடையில் நான் ஏமாந்த விதத்தை எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். படம் திருத்தும் தம்பிமார் யாரும் இதே குழிக்குள் விழக்கூடாது, அவ்வளவுதான்.

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு வந்த ஒரு கலியாணம். மூன்றாம் நாள் காலை படங்களைத் திறந்தால் மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டி மஞ்சள் தண்ணீரில் நனைத்து எடுத்ததுபோல் கிடந்தது. வெற்றுப் பக்கம் ஒன்று புதிதாகத் திறந்தேன், அதுவும் பழைய சுண்ணாம்புச் சுவர் நிறம். அதே படத்தை விண்டோஸோடு வருகிற பெயின்ட் மென்பொருளில் திறந்தால் வேட்டி பளிச்சென்று வெள்ளை! விடை அந்த இடத்திலேயே இருந்தது. எனக்குத்தான் அன்று விளங்கவில்லை.

சிபியு பெட்டியை மட்டும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இந்த "மட்டும்" என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெடியன் மூடியைக் கழற்றி ஒருதரம் எட்டிப் பார்த்தான். "அண்ணை, கார்ட் அடிச்சிட்டுது. அதுதான் கலர் பிழைக்குது" என்றான். திரைக்குப் படத்தை அனுப்புகிற கிராபிக்ஸ் கார்ட்டைத்தான் சொன்னான். பாவித்த கார்ட் ஒன்று போட 38,000 ரூபா. அடுத்த நாள் பின்னேரம் தங்கள் மொனிற்றரில் போட்டுக் காட்டினார்கள். வேட்டி வெள்ளை. நானும் சந்தோஷமாகக் காசை எண்ணிக் கொடுத்தேன். பில்லில் "ரிப்பெயர்" என்று ஒரு சொல்லும் தொகையும் தவிர வேறொன்றும் இல்லை. பழைய கார்ட்டைக் கேட்டேன். "அது குப்பைக்குள்ள போட்டாச்சு அண்ணை."

வீட்டில் கொண்டுவந்து பூட்டினால் திரும்பவும் மஞ்சள். போன் எடுத்தால், "அப்ப உங்கட மொனிற்றரும் போயிருக்கும், நல்லதொண்டு 65,000க்குக் கிடக்கு" என்று பதில் வந்தது. அதற்கு என்னிடம் காசில்லை. இல்லாமல் போனதும் நல்லதுதான்.

ஆனால் அல்பத்துக்குத் தவணை நெருங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த மஞ்சளைக் குறைக்க ஒவ்வொரு படத்திலும் நீலத்தை ஏற்றி 24 பக்கமும் அச்சுக்குக் கொடுத்தேன். கனடாவில் இருந்து பொம்பிளையின் பெரியம்மா வாட்ஸப்பில் எடுத்தார். "என்ன தம்பி, பொம்பிளைக்கு அண்டைக்குச் சுகமில்லையோ? முகம் நீலம் பாரிச்சுக் கிடக்கு." வேட்டியும் நீலம் கூடப் போட்டுத் துவைத்ததுபோல் இருந்தது. அரக்குக் கூறையோ கத்தரிக்காய் நிறம். முழு அல்பத்தையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

கோண்டாவிலில் இருந்து ஒரு நண்பர் வந்து இருந்ததும் முதலில் செய்த வேலை, போட்டோஷொப் திறந்திருக்கும்போது ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து என் போனுக்கு அனுப்பியது. போனிலும் வேட்டி மஞ்சள். "மொனிற்றர் பழுதெண்டால் போனில வெள்ளையாத் தெரிஞ்சிருக்கும்" என்றார். இரவில் கண் கூசாமலிருக்க விண்டோஸில் இருக்கும் நைட் லைட் என்ற வசதி தெரியாமல் போடுபட்டிருந்தாலும் அப்படித்தான், திரை மஞ்சளடிக்கும், ஸ்கிரீன்ஷொட்டில் அது வராது. கார்ட் பழுதென்றால் பெயின்டையும் விட்டுவைத்திருக்காது. ஒரு மென்பொருளில் சரி, இன்னொன்றில் பிழை என்றால் உடைந்த சாமான் எதுவும் இல்லை, நிறக் கணக்குத்தான் பிழை.

அந்தக் கணக்கு இப்படி. ஒவ்வொரு மொனிற்றருக்கும் அது நிறம் காட்டும் விதத்தை விவரிக்கும் ஐசிசி புரொஃபைல் என்ற சின்னக் கோப்பு விண்டோஸில் இருக்கலாம். போட்டோஷொப்பும் லைட்ரூமும் அதை வாசித்து நிறத்தைத் திருத்தித் திரைக்கு அனுப்பும். பெயின்ட் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மொனிற்றர் டிரைவரோடு சேர்ந்து வந்த புரொஃபைல் ஒன்று பிழையாக இருந்திருக்கிறது, விண்டோஸ் அப்டேட்டில் ஏறியிருக்க வேண்டும். அது என் மொனிற்றரோடு கட்டுப்பட்டது. கடையில் நின்றது அவர்களுடைய மொனிற்றர். கார்ட்டைத் தொடாமலே அங்கே வேட்டி வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். பழுதையே காணாமல் பழுது சொன்னவனுக்குத்தான் 38,000 கொடுத்திருக்கிறேன்.

நண்பர் விண்டோஸில் இருக்கும் கலர் மனேஜ்மென்ட் என்ற அமைப்பைத் திறந்தார். என் மொனிற்றரைத் தெரிவுசெய்து, "என் அமைப்புகளைப் பயன்படுத்து" என்ற பெட்டியில் சரி போட்டு, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான புரொஃபைலைச் சேர்த்து அதையே இயல்பானதாக்கினார். போட்டோஷொப்பை மூடித் திறந்தோம். வேட்டி வெள்ளை. ஊற்றிய தேத்தண்ணி இன்னும் ஆறவில்லை.

இது அவசரத்துக்குச் செய்தது என்றும் சொன்னார். அச்சுக்கு அனுப்புகிறவர்கள் திரையின் நிறத்தை அளக்கும் கருவி வைத்து, வெள்ளையின் சாயலுக்கு 6500 கெல்வின், இடைநிலை வெளிச்சத்துக்குக் காமா 2.2 என்று மொனிற்றரைச் சரிசெய்து சொந்தப் புரொஃபைல் எடுக்க வேண்டும். கருவி வைத்திருக்கிற படப்பிடிப்பாளரிடம் ஒரு நாளைக்கு இரவல் கேட்கலாம். இன்னொன்று, திரும்பச் செய்வதற்கென்று கொன்ட்ரோல் விசையோடு Y எழுத்தையும் அழுத்துகிற பழக்கம் உள்ளவர்கள் கவனம். போட்டோஷொப்பில் அது அச்சு நிறத்தைப் போலியாகக் காட்டும் முறையைப் போட்டுவிடும், படம் சட்டென்று மங்கும். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் சிஎம்வைகே (CMYK, அச்சு மைகளின் நான்கு நிறங்கள்) என்று வந்திருந்தால் அதுதான், திரும்ப அழுத்தினால் போய்விடும்.

பிறகு சந்தேகத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தோம். புதிதாகப் போட்ட கார்ட், நான் கொண்டுபோய்க் கொடுத்ததைவிடப் பழைய மொடல். என் கார்ட் குப்பைக்குப் போயிருக்குமென்று நான் நம்பவில்லை. கொடுக்கும்போது தொடர் இலக்கத்தைப் படம் எடுத்து வைக்காதது என் மடைத்தனம். நீங்கள் எடுத்து வையுங்கள். பெட்டியைக் கொடுத்தால் மொனிற்றரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள், பழுதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். மாற்றிய சாமானின் மொடல் இலக்கம் பில்லில் ஏறாமல் காசு நீட்டாதீர்கள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலாளி 5,000 ரூபாவை மேசையில் வைத்து "முடிப்பம்" என்றார். நான் எடுக்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். கையில் ஆதாரம் என்று இருப்பது அந்த ஒரு சொல் பில்லும், "மொனிற்றரும் போயிருக்கும்" என்று பிறகு பெடியன் அனுப்பிய குரல் பதிவும்தான்.