மைப்பேனைச் சந்திப்பு: கண்டியிலா, நுவரெலியாவிலா?

மலையகத்தில் பேனை சேர்ப்பவர்கள் கூடுவதென்றால் என் ஓட்டு கண்டிக்குத்தான். ஹட்டன், மாத்தளை, கொழும்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் பஸ் உண்டு. பெரஹரா ஊர்வல நாட்களைத் தவிர்த்தால் சரி.

நுவரெலியா அழகுதான், ஆனால் 1,800 மீற்றருக்கு மேல். ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். பாதி மையுள்ள பேனைக்குள் இருக்கும் காற்று விரிந்து, மையை மூடிக்குள் தள்ளிவிடும். முழுக்க நிரப்பி, நிப்பு மேலே பார்க்கச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் சட்டை போச்சு! மூடுபனி இறங்கினால், நிப்பு நுனி மட்டும் தெரிகிற பார்க்கர் 51 பேனையை மேசை விளக்கில்லாமல் லென்ஸில் பார்ப்பது பெரும்பாடு. தாளும் ஈரம் குடித்து மை பரவும். நல்ல நிப்பும் மோசமாக எழுதுவதுபோல் தோன்றும், வாங்க வந்தவர் பேரம் பேசத் தொடங்கிவிடுவார்.

அப்புறம், ஏப்ரல் சீசனில் அங்கே அறை வாடகையைக் கேட்கவே வேண்டாம்.