எங்கள் பிரிவின் மத்தியஸ்த சபை: ஒரு சேவை மதிப்பீடு

கட்டாக்காலி மாடுகள் அழித்த காலபோக நெல்லுக்காக அயலவர்மீது நான் செய்த முறைப்பாடு, உள்ளூராட்சித் தேர்தல் பிரசாரம் சூடுபிடித்திருந்த வேளையில், இலங்கையின் வன்னியிலுள்ள எங்கள் பிரிவின் மத்தியஸ்த சபைக்கு, அதாவது பிணக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்துவைக்கும் சபைக்கு, வந்தது. அயலவர் ஒரு கட்சிக்காக வீடு வீடாக வாக்குக் கேட்டவர். நான் மறுதரப்பு என்பது ஊரறிந்தது. ஆகவே, இழப்பீட்டைவிட, அங்கே இருப்பவர்கள் யாருடைய ஆட்கள் என்பதே என் கவலையாக இருந்தது.

மத்தியஸ்த சபைகளுக்கு முன்னோடியாக 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய பழைய இணக்கசபைகள், உறுப்பினர் நியமனத்தில் அரசியல் புகுந்ததென்ற பழியோடுதான் 1970களின் இறுதியில் கைவிடப்பட்டன. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் நியமனப் பொறுப்பை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைத்து, அவர்களுள் மூவர் உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நீதியரசராக இருந்தவர்களாக இருக்க வேண்டுமென்று விதித்தது. அந்த ஆணைக்குழுவை நியமிப்பவர் சனாதிபதியே என்பதையும் மறந்துவிடலாகாது.

ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வதே முறை. அயலவர் தெரிவுசெய்தவரை அக்கட்சியின் மேடையில் நானே கண்டிருக்கிறேன். ஆனால் மாட்டில் இருந்த குறியைப் பற்றி அயலவர் சுற்றிவளைத்துப் பேசியபோது, "குறி உம்முடையதுதானே தம்பி, பிறகென்ன கதை?" என்று இடைமறித்துக் கேட்டவர் அவர்தான். அதன்பின் பேச்சு நேராகத் தொகைக்கு வந்தது. மத்தியஸ்தர்களுக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரமில்லை. எனவே எவரும் எதையும் திணிக்கவில்லை. இழப்பீட்டை இரு தவணைகளில் தருவதாக அயலவர் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார். சட்டத்தரணிகள் தோன்ற இடமில்லாததால் அந்தச் செலவும் இல்லை. இணக்கம் ஏற்படாவிட்டால், நீதிமன்றம் செல்வதற்குரிய சான்றிதழ் கிடைக்கும்.

இச்சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். விசாரணைக்குச் சற்றுமுன், விறாந்தையில் வேறொரு மத்தியஸ்தர் அயலவரோடு வாக்குக் கணக்குப் பேசிக்கொண்டு நின்றார். அவர் எங்கள் விடயத்தில் அமரவில்லைதான். இருந்தும் அதைக் கண்ட எனக்கு, உள்ளே போகாமல் திரும்பிவிடலாமா என்றே தோன்றியது. கட்சிச் சார்பு எவருக்கும் இருக்கலாம், அது குடிமகனின் உரிமை. பிரசாரத்தில் இறங்கும் மத்தியஸ்தர்கள் தேர்தல் முடியும்வரை விசாரணைகளில் அமராதிருப்பதும், மத்தியஸ்தர் பட்டியலைப் பிரதேச செயலக அறிவித்தற்பலகையில் முன்கூட்டியே ஒட்டுவதும் பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல. அடுத்த தேர்தலுக்கு முன்னரே இவை நடக்க வேண்டும்.