ஜப்பான் மினி லாரிக்கு ஆயில் ஃபில்டர் வாங்கி 31,850 ரூபாய் போனது: இந்த வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மாலை பட்டறையில் பில் கட்டிவிட்டு வந்தேன். இன்று காலை ஃபில்டர் விற்ற கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 31,850 ரூபாய். இரண்டு ஆயில் ஃபில்டர் வாங்கப் போய் இழந்த பணம் இது. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. பெரும்பாலும் பெங்களூரா மா, ஓரத்தில் கொஞ்சம் செந்தூரா. அப்பா வைத்த மரங்கள். கிளைகள் தாழ்ந்து தரையைத் தொடும். டிராக்டர் டிரெய்லர் உள்ளே போனால் கிளை ஒடியும், காய் உதிரும். அதற்காகத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜப்பான் மினி லாரி எடுத்தேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலை தன் வளாகத்துக்குள் ஓட்டுவதற்காக இறக்கிய வண்டி, ஏலத்தில் வந்தது. ரோட்டில் ஓட்ட நம்பர் கிடையாது, தோட்டத்துக்குள் மட்டும்தான். ஜப்பானில் இந்த வகையை 'கெய்' என்கிறார்கள். எஞ்சின் 660 சிசிக்குள், நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், பாரம் 350 கிலோ. அந்த நாட்டுச் சட்டம் வைத்த அளவு என்றாலும், நம் மாந்தோப்புக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். 20 கிலோ கிரேட் பதினேழு ஏற்றிக்கொண்டு இரண்டு மரத்துக்கு நடுவில் புகுந்து வந்துவிடும்.

வண்டியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இந்த வண்டிகளில் பெயர் ஒன்றாகவே இருக்கும், உள்ளே எஞ்சின் மாறிக்கொண்டே வந்திருக்கும். சுசுகி கேரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: எஃப் 6 ஏ, அப்புறம் கே 6 ஏ, அப்புறம் ஆர் 06 ஏ என்று 660 சிசிக்குள்ளேயே மூன்று எஞ்சின் வந்துவிட்டன. வண்டிப் பெயரைச் சொல்லி ஃபில்டர் கேட்பதே முதல் தப்பு. நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை. எல்லா விவரமும் கொடுத்துத்தான் ஏமாந்தேன்.

ஏலத்தில் எடுத்தபோது வண்டியோடு நாலு ஃபில்டர் கொடுத்தார்கள். கடைசி ஃபில்டரைப் போன வருஷம் மாட்டினோம். அதன் மேல் இருந்த எண் சூட்டிலும் எண்ணெயிலும் அழிந்துபோயிருந்தது. இந்த வருஷம் காய் பறிப்பு தொடங்கும் முன்னால் ஆயில் மாற்ற வேண்டும். கிருஷ்ணகிரியில் மூன்று கடை ஏறி இறங்கினேன், ஓசூரில் இரண்டு கடை. "இந்த வண்டியா? பார்த்ததே இல்லையே" என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பினார்கள். இப்போது நினைத்தால் அவர்களுக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்போதுதான் ஃபோனில் தேடும்போது அந்தக் கடை வந்தது. இறக்குமதி வண்டிகளுக்கு மட்டும் ஸ்பேர் விற்கிறோம் என்று போட்டிருந்தார்கள். சொந்தமாக ஒரு சைட், வாங்குவது விற்பது எல்லாம் வாட்ஸ்அப்பில். கூப்பிட்டேன். எடுத்தவர் இரண்டாவது வார்த்தையிலேயே, "அண்ணா, பேச்சைக் கேட்டா நம்ம பக்கம் மாதிரி இருக்கே? எங்க அம்மா ஊரு பாலக்கோடு" என்றார். தக்காளி மண்டி எப்படி இருக்கிறது, இந்த வருஷம் மாங்காய்க்கு என்ன விலை போகும் என்று விசாரித்தார். பிறகு சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், ஃபில்டர் உட்காரும் இடத்தின் போட்டோ எல்லாம் கேட்டார். அப்பாவை டார்ச் பிடிக்கச் சொல்லி வண்டிக்கு அடியில் படுத்து ஆறு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். "அண்ணா, ஜப்பான் கேட்லாக்கில் உங்க சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துட்டேன். ஒரிஜினல் இப்ப வர்றதில்லை. அதுக்கு நேர் மாற்று இருக்கு. நூறு சதவீதம் செட் ஆகும், நான் பொறுப்பு."

நான் பொறுப்பு. அந்த இரண்டு சொல்லுக்குத்தான் பணம் அனுப்பினேன். யாருமே வண்டியைத் தெரியாது என்று சொன்ன நேரத்தில் ஒருவர் சேசிஸ் நம்பர் வாங்கி, கேட்லாக் பார்த்து, நம் ஊர்ப் பேச்சில் பொறுப்பு என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? இரண்டு ஃபில்டர், கூரியரோடு 2,350 ரூபாய். யுபிஐயில் உடனே போட்டேன்.

நாலாம் நாள் பெட்டி வந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது, கறுப்பு பெயிண்ட், ஆரஞ்சு நிற ரப்பர் ரிங். எங்கள் மெக்கானிக் அண்ணன் கையால் சுற்றினார். இரண்டு சுற்று போனதும் நிறுத்தி, ஃபில்டரை லேசாக ஆட்டிப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் லூசா தெரியுதே" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்க கேட்லாக் பார்த்து அனுப்பினதுண்ணே, மாட்டுங்க." முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த கை சந்தேகப்பட்டது. முகம் தெரியாதவர் ஃபோனில் சொன்ன சொல்லை நம்பி அந்தக் கையை நான் தடுத்தேன். பணம் போனதைவிட இதுதான் தொண்டையில் நிற்கிறது.

அவர் இறுக்கினார். ரப்பர் ரிங் உட்கார்ந்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை. இரண்டு நாள் நன்றாக ஓடியது.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணி. அக்கா மகன் வண்டியைக் கிளப்பி, கிணற்றடியிலிருந்து மேட்டுக்கு ஏற்றினான், நல்ல ரேஸ் கொடுத்து. நான் கேட்டில் நின்றிருந்தேன். வண்டி ஷெட் வரை போய், இரும்பை இரும்பால் அடிக்கிற மாதிரி டக்டக் என்று சத்தம் போட்டு நின்றது. ஓடினேன். வழியெல்லாம் சருகின் மேல் புது எண்ணெய், இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு மாதிரி. சொட்டுநீர்க் குழாய் பக்கத்தில் அந்த ஃபில்டர் கிடந்தது. வாய் மேலே பார்த்தபடி, பாதி எண்ணெயோடு. எடுத்துப் பார்த்தால் நடு ஓட்டையின் மரை (திருகு வரி) வழவழவென்று தேய்ந்து, உள்ளே ஊசி முனை மாதிரி இரும்புத் துகள் மின்னியது. "சிவப்பு விளக்கு எரிஞ்சது மாமா, பேட்டரி விளக்குன்னு நினைச்சேன்" என்று பையன் அழுதான். அவன் மேல் தப்பில்லை. அந்த எஞ்சினில் இருக்கும் எண்ணெய் மொத்தமே மூன்று லிட்டருக்குள். ஃபில்டர் கழன்றால் வெளியேற எவ்வளவு நேரம் ஆகும்?

கிருஷ்ணகிரியில் ஒரு லேத் பட்டறைக்கு ஃபில்டரையும், எஞ்சினிலிருந்து கழற்றிய ஸ்டட்டையும் (ஃபில்டர் சுற்றி ஏறும் மரைத் தண்டு) கொண்டுபோனேன். அவர் வெர்னியரை வைத்தார். ஸ்டட் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது முக்கால் இன்ச். பிட்ச், அதாவது மரைக்கு மரை உள்ள இடைவெளி, அளக்கும் கேஜில் இன்ச்சுக்கு 16 மரை என்ற இலையை வைத்தார், வெளிச்சம் புகாமல் உட்கார்ந்தது. ஃபில்டரோ எம் 20, அதாவது 20 மில்லி மரை, பிட்ச் 1.5. விட்டத்தில் ஒரு மில்லிகூட வித்தியாசமில்லை. இன்ச்சுக்கு 16 என்பதை மில்லியில் கணக்குப் போட்டால் பிட்ச் 1.5875, ஆகவே அதுவும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் 20 மில்லி மரை உள்ள ஃபில்டர் முக்கால் இன்ச் ஸ்டட்டில் தாராளமாக ஏறும், ரப்பர் அழுந்தும்வரை இறுகவும் செய்யும். ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். இதற்கு நேர்மாறாக, முக்கால் இன்ச் ஃபில்டரை 20 மில்லி ஸ்டட்டில் மாட்டப் பார்த்தால் ஏறவே ஏறாது, அங்கேயே தெரிந்துவிடும். இந்தப் பக்கம்தான் ஆபத்து. ரிங்கின் விட்டம் 60 மில்லி என்றால், காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு நாலு கிலோ பிரஷர் வந்தாலே ஃபில்டரை நூறு கிலோவுக்கு மேல் கீழே தள்ளுகிறது என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். மரை நுனி எத்தனை நாள் தாங்கும்?

இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. டொயோட்டாவின் ஸ்பின் ஆன் (இப்படிச் சுற்றி மாட்டும்) ஃபில்டர்களில் முக்கால் இன்ச், 16 மரை. ஹோண்டாவில் எம் 20, பிட்ச் 1.5. ஜப்பான் வண்டி என்றால் இந்த இரண்டில் எது என்று கேட்பதுதான் முதல் கேள்வி. ஜப்பான் வண்டி ஸ்பேர் மட்டுமே விற்கிறேன் என்பவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். அவர் கேட்லாக்கே பார்க்கவில்லை. கையில் இருந்ததை அனுப்பிவிட்டார்.

எஞ்சினைப் பிரித்ததில் கனெக்டிங் ராடு பேரிங் போயிருந்தது, கிராங்கில் கோடு விழுந்திருந்தது. பேரிங் பெங்களூரு ஜேசி ரோட்டில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, 9,800. கிராங்க் கிரைண்டிங் 4,500. கேஸ்கெட் செட் 6,000. கூலி 8,000. கொட்டிப்போன ஆயில் 1,200. ஃபில்டர் 2,350. மொத்தம் 31,850. பறிப்பு நேரத்தில் பன்னிரண்டு நாள் வண்டி இல்லாமல் ஆள் வைத்துத் தலைச்சுமையாகக் கிரேட் தூக்கிய கூலி இதில் சேரவில்லை.

இனி அந்தக் கடையின் பதில்கள். முதல் நாள் நான் போட்டோவோடு அனுப்பியதும், "அய்யோ அண்ணா, பார்க்கிறேன்" என்று ஒரு வாய்ஸ். மறுநாள், "மாட்டினவர் ஓவரா டைட் பண்ணி மரையைக் கெடுத்திருப்பார்." லேத்தில் அளந்த போட்டோவை அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. ஃபோன் செய்தால் வேறொரு பையன் எடுத்து, "ஓனர் வெளியூர் போயிருக்கார் சார்." அண்ணா சார் ஆகிவிட்டது. ஐந்தாம் நாள், "பெட்டி பிரிச்சா ரிட்டர்ன் இல்லைன்னு சைட்லயே போட்டிருக்கோம்." பெட்டியைப் பிரிக்காமல் எப்படி ஐயா மாட்டுவது? எட்டாம் நாள் பெரிய மனசு பண்ணி, அடுத்த ஆர்டரில் 300 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றார். 31,850 எங்கே, 300 எங்கே! "நான் பொறுப்புன்னு சொன்னீங்களே" என்று கேட்டதற்கு, "அது பேச்சுக்குச் சொல்றது சார்" என்றார். நேற்று பில்லை அனுப்பினேன். இன்று காலை பிளாக்.

சரி, வண்டி வைத்திருப்பவர்களுக்கு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஃபில்டர் வாங்கும் முன் பழைய ஃபில்டரை ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் மரை, பிட்ச், ரப்பர் ரிங்கின் உள்விட்டம் வெளிவிட்டம் அளந்து எழுதி வையுங்கள். ஐந்து நிமிஷ வேலை. கடைக்காரர் மரை அளவை எழுத்தில் தராவிட்டால் வாங்காதீர்கள். சுற்றும்போது ஆடினால் கழற்றிவிடுங்கள், மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். ஓட்டுகிற பிள்ளைகளுக்கு ஆயில் விளக்கு எது என்று காட்டி வையுங்கள், எரிந்தால் அதே இடத்தில் சாவியை அணைக்கச் சொல்லுங்கள். முன்பணம் போடாதீர்கள். இப்போது என் வண்டியில் அளந்து பார்த்து ஜேசி ரோட்டில் வாங்கிய முக்கால் இன்ச் ஃபில்டர் ஓடுகிறது. அது என் எஞ்சினுக்கு, உங்களுடையதற்கு நீங்கள்தான் அளக்க வேண்டும்.

ரிட்டர்ன் இல்லை என்று அவர் சொன்னது செல்லாது. 2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி, சொன்ன மாதிரி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், ஐந்து லட்சம் வரை கட்டணம்கூடக் கிடையாது. விவகாரம் முடியும்வரை கடைப் பெயரை வெளியில் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் கமெண்டில் கேட்காதீர்கள்.

அனுப்பிய இரண்டில் இன்னொரு ஃபில்டர் பெட்டியிலேயே இருக்கிறது. ஷெட்டில் யாராவது தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று மேலே சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி போட்டு, லேத்காரர் எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டோடு கவரில் கட்டி பீரோவில் வைத்திருக்கிறேன்.